கியர்ப் பெட்டியைத் திறப்பது யார்?

கடந்த ஐப்பசியில், தீபாவளிக்குப் பதினெட்டு நாட்களே இருக்கும்போது, நம் சங்கத்தின் சரக்கு வண்டி தியாகராய நகர் உஸ்மான் சாலை மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. உள்ளே காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீடுகளிலிருந்து சேகரித்து வந்த அறுபது கட்டுச் சேலைகள். முதல் கியர் விழவில்லை. வற்புறுத்தித் தள்ளினால் விழுந்து, வண்டி நகர்ந்ததும் தானே கழன்று கொண்டது. பின்னால் நின்ற வண்டிகள் எழுப்பிய ஓசையை எழுத்தில் தர இயலாது. போக்குவரத்துக் காவலர் ஒருவரும் வழிப்போக்கர் நால்வரும் தள்ளி உதவ, வண்டி ஒருவாறு ஓரம் சேர்ந்தது.

இந்த வண்டி நம் அங்கத்தினர்க்குப் புதியதன்று. ‘குட்டி யானை’ என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டி வகையைச் சேர்ந்தது. விடியற்காலையில் செங்கற்பட்டுப் பகுதித் தோட்டங்களிலிருந்து கத்தரியும் கீரையும் ஏற்றி மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் வரும். பிற்பகலில் துணி சுமக்கும். பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் அடையாளம் ஏதேனும் உண்டென்றால் அது இந்த வண்டிதான். சேலைக் கட்டில் சில நாள் கொத்தமல்லி மணக்கும் என்று கடை விற்பனையாளர் குறைபட்டுக் கொள்வதும் உண்டு.

மறுநாள் பட்டறை ஒன்றிலிருந்து மதிப்பீடு வந்தது: கியர்ப் பெட்டியை இறக்கிப் பிரித்துப் புதுப்பிக்க முப்பத்தோராயிரம் ரூபாய், எட்டு நாள். அன்று மாலையே நிர்வாகக் குழு கூடிற்று. ஓட்டுநர் கதவருகே நின்றபடி, “ஐயா, பெட்டியை இறக்கும் முன் எனக்கு ஒரு நாள் கொடுங்கள். நானே பார்த்துச் சொல்கிறேன்” என்றார். குழுவில் இருந்த மூத்த நெசவாளர் ஒருவர் உடனே அவர் பக்கம் சேர்ந்தார். “நம் தறியை நாம்தானே பழுது பார்க்கிறோம்? மிதி கழன்றால் ஆள் தேடியா போகிறோம்?” என்றார். பயிரிடும் உறுப்பினர் ஒருவர் விடவில்லை: “கிணற்று மோட்டாரின் காயில் எரிந்தால் நீங்களா சுற்றுகிறீர்கள், அண்ணா? நான் சுற்றுவதில்லை.”

இரண்டும் உண்மை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த இரண்டு வாக்கியங்களே. நெசவாளி மிதியைக் கட்டுகிறான், விழுதைச் சீர்செய்கிறான், அறுந்த பாவு இழையை முடிந்து கொள்கிறான். ஆனால் அச்சுக் கட்டுவதற்கு அச்சுக் கட்டுவோரிடம் செல்கிறான். ஜக்கார்டுப் பெட்டியின் ஊசிகள் கோணினால் அதற்கென்று உள்ளவரை அழைக்கிறான். எங்கே தன் கை நிற்க வேண்டும் என்பதை அவன் ஏட்டில் படித்து அறிந்தவனல்லன், பழக்கத்தில் அறிந்தவன். மோட்டார் வண்டி விஷயத்தில் நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே சிறிது விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்ற விரும்புகிறது. சக்கரத்துக்கோ சில சமயம் வேகமும் சில சமயம் இழுப்பு வலிமையும் வேண்டும். நடுவே நின்று பண்டமாற்றுச் செய்வதே கியர்ப் பெட்டியின் வேலை. எஞ்சினையும் பெட்டியையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். ஓட்டுநர் மிதியை அழுத்தினால் கேபிளோ எண்ணெய்க் குழாயோ வழியாக ஒரு பேரிங் முன்சென்று பிரஷர் பிளேட்டை விலக்கும். கிளட்ச் பிளேட் விடுபடும். பெட்டிக்குள்ளே இணையான தண்டுகளில் பெரிதும் சிறிதுமான பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே சுற்றிக் கொண்டிருக்கும். நாம் கோலை அசைக்கும்போது பற்சக்கரங்கள் இடம் பெயர்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். இன்றைய பெட்டிகளில் முன்செல்லும் கியர்களில் அப்படி இல்லை. கவை போன்ற ஒரு துண்டு, காலர் ஒன்றைத் தள்ளி, வேண்டிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டும் முன் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவதற்காகப் பித்தளை போன்ற உலோகத்தாலான வளையம் ஒன்று உரசுகிறது. சிங்க்ரோனைசர் ரிங் என்று பட்டறைகளில் கேட்டால் கிடைக்கும். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில் இவ்வேற்பாடு முதன்முதலாக வந்தது. அதற்கு முன்பு ஓட்டியவர்கள் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஓசையைக் காதால் அளந்து கியர் மாற்றினார்கள். நம் பழைய லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்று பெருமையோடு சொல்வது அதைத்தான்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. கியர் விழவில்லை என்றதும் குற்றம் பெட்டிக்குள்தான் என்று முடிவு கட்டுவது வயிறு வலித்ததும் அறுவை செய்யச் சொல்வது போன்றது. நம் ஓட்டுநர் அன்று செய்த சோதனை மிக எளியது, எவரும் செய்யலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கோலை அசைத்தார். எல்லாக் கியர்களும் வெண்ணெயில் கத்தி போல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டு முயன்றார்; முதல் கியரும் பின்கியரும் விழ மறுத்தன, மற்றவை முரண்டின. எஞ்சின் நின்றபோது இணங்கியது, ஓடும்போது பிணங்குகிறது என்றால், பெட்டி நன்றாயிருந்து கிளட்ச் முழுதும் விடுபடாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வண்டியின் அடியில் சென்று பார்த்ததில் கிளட்ச் கேபிள் இழை பிரிந்து நீண்டிருந்தது. கோலிலிருந்து பெட்டிக்குச் செல்லும் இணைப்பில் ஒரு சிறு புஷ் தேய்ந்து ஓட்டையாயிருந்தது. கியர் பாதியே விழுந்து கழன்றதற்கு அதுவே காரணம். கேபிளும் புஷ்ஷும் சேர்த்து ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய், அரை நாள் வேலை. தீபாவளிச் சரக்கு நேரத்தில் கடை சேர்ந்தது.

மதிப்பீடு தந்த பட்டறை நம்மை ஏமாற்ற நினைத்தது என்று சொல்ல மாட்டோம். கொண்டு சென்று விட்டபோது நாமே “கியர்ப் பெட்டி கெட்டுவிட்டது” என்று சொல்லித்தான் விட்டோம். நோயின் பெயரை நாம் சொல்லிக் கொடுத்தால் மருந்தின் விலையை அவர்கள் சொல்வது இயல்பு. அறிகுறியை மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

அறிகுறிகளைப் பற்றி ஓட்டுநரும், நாம் பின்னர்க் கலந்துகொண்ட மேஸ்திரி ஒருவரும் சொன்னவற்றை இங்கே தருகிறோம். குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் ‘கர்ர்’ என்று அரைத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்கலாம். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது இரைந்து, கிளட்சை மிதித்தால் இரைச்சல் அடங்கினால் பெட்டியின் முன்தண்டுப் பேரிங்கில் சந்தேகம் கொள்ளலாம். மாறாக, மிதித்தால்தான் இரைகிறது என்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். எஞ்சின் கதறுகிறது, வண்டி வேகம் பிடிக்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. கியர் விழுந்த பின் தானே கழன்றால் இணைப்போ, பெட்டியைத் தாங்கும் ரப்பரோ தளர்ந்திருக்கலாம்; அவை சரியாயிருந்தால் குற்றம் உள்ளே உள்ள கவையிலோ பற்களிலோ இருக்கும். கடைசியில் சொன்னதில்தான் மோசமானதும் எளியதும் ஒரே முகத்தோடு வருகின்றன. ஆகவே வெளியே இருப்பதை முதலில் பார்ப்பதே முறை.

கிளட்ச் பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது தேய்வது நம் ஊரின் சாலைகளாலும்தான். பண்டிகைக் காலத்தில் ரங்கநாதன் தெரு முனையிலோ பாண்டி பஜாரிலோ வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தும் ஓட்டுநர், பாதி மிதித்த கிளட்சிலேயே ஒரு மணி நேரம் கழிக்கிறார். நெடுஞ்சாலையில் நூறு மைல் ஓடியதைவிட அது அதிகம் தேய்க்கும். ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் அப்படியே. இதைச் சொன்னபோது நம் ஓட்டுநர் புன்னகைத்தார், அவரும் செய்பவரே.

நிற்க. மேலே சொன்ன வெற்றியை மட்டும் எழுதி முடித்தால் அங்கத்தினரைத் தவறான வழியில் செலுத்தியவர்களாவோம். மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். அது நம் பழைய வண்டி. மூன்றாம் கியர் அரைத்தது. எண்ணெய் பார்த்தோம், கேபிள் பார்த்தோம், இணைப்பும் பார்த்தோம். குற்றம் உள்ளேதான் என்பது தெளிவாயிற்று. அதுவரை செய்தது சரி. அதன்பின் குழுவில் சிக்கனம் பேசியவர்கள் நாங்களே. “ஒரு வளையம்தானே, பிரித்து மாற்றிவிடலாம்” என்று மயிலாப்பூர்க் கிடங்கின் பின்புறக் கொட்டகையில் பெட்டியை இறக்கச் சொன்னோம். அப்போதிருந்த ஓட்டுநர் தயங்கினார், நாம் ஊக்கினோம்.

இறக்குவதிலேயே முதல் ஆபத்து. சிறு வண்டியின் கியர்ப் பெட்டியானாலும் ஒருவர் மல்லாந்து படுத்து மார்பின் மேல் ஏந்தக் கூடிய கனமன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுத்தவர்கள் உயிரிழந்த செய்தி நாளிதழ்களில் வராத ஆண்டில்லை. நல்லவேளையாக மரத்தாங்கிகள் வைத்திருந்தோம். பெட்டி இறங்கிற்று, மூடியும் திறந்தது. கவை பொருத்திய தண்டை இழுத்தபோது உள்ளிருந்து ‘டிக்’கென்று ஏதோ தெறித்தது. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. மிளகளவு எஃகுக் குண்டு ஒன்றும் அதன் பின்னிருந்த சிறு சுருளும் என்று பின்னர்த் தெரிந்தது. கியர் விழுந்த இடத்தில் நிலைத்து நிற்கச் செய்வது அந்தக் குண்டுதான். அதே அளவில் ஒரு குண்டைக் கடையில் வாங்கிப் போட்டோம். பேரிங்கைக் கழற்றப் புல்லர் இல்லை. உளியும் சுத்தியலும் கொண்டு கழற்றினோம். தண்டின் அசைவை அளந்து ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையங்களை இட வேண்டும் என்பதும் எங்களில் எவருக்கும் தெரியாது. பழையதையே திரும்ப இட்டோம்.

இரண்டு நாள் ஓடிற்று. மூன்றாம் நாள் அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் பேரிங் உடைந்து, அதன் துண்டுகள் பற்சக்கரங்களுக்கிடையே சிக்கின. பற்கள் நான்கு போயின. ஒரு வளையத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு பெட்டி முழுவதற்குமாயிற்று. வண்டி பதினோரு நாள் நின்றது. அது வெண்டைக்காய் அறுவடைக் காலம். ஒரு நாள் தாமதித்தால் முற்றிவிடும் காய். வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. முற்றிப் போய் மாட்டுக்கு இடப்பட்ட காய் எந்தக் கணக்கிலும் இல்லை. அதை விளைவித்த உறுப்பினர் பொதுக்குழுவில் எழுந்து, “உங்கள் சிக்கனத்துக்கு நான் கொடுத்த விலை இது” என்றார். பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

பட்டறைக் கூலி என்பது மேஸ்திரியின் கை வேலைக்கு மட்டும் கொடுக்கும் கூலியன்று. புல்லர், பிரஸ், சர்க்கிளிப் இடுக்கி, டார்க் ஸ்பானர், அளவுக் கருவிகள் இவற்றுக்கும், இதே பெட்டியை அவர் ஐம்பது முறை பிரித்ததில் முதல் ஐந்து முறை கெடுத்த அனுபவத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் சங்கம் அக்கருவிகளை வாங்கி வைப்பது, ஒரு சேலை நெய்யத் தறி வாங்குவதற்கு ஒப்பாகும்.

வண்டிகள் பல இருந்தால் கணக்கு மாறும். மாநகரப் பேருந்துகளுக்கு அடையாற்றிலும் தியாகராய நகரிலும் மந்தைவெளியிலும் பணிமனைகள் உள்ளன. பெரிய பேருந்து நிறுவனங்களில் வழக்கமான முறை ஒன்று உண்டு: கெட்ட பெட்டியைப் பணிமனையில் வைத்துப் பிரித்துக் கொண்டிராமல், முன்பே புதுப்பித்து வைத்திருக்கும் வேறொரு பெட்டியை மாட்டிப் பேருந்தைச் சாலைக்கு அனுப்பிவிடுவார்கள். கெட்டது மையப் பட்டறைக்குச் சென்று நிதானமாகச் செப்பனிடப்படும். பழுது பார்ப்பது ஒரு வேலை, வண்டியை நிற்காமல் ஓடச் செய்வது வேறொரு வேலை என்று பிரித்துக் கொண்டதே இதன் நுட்பம்.

நம் போன்றவர்க்கும் இந்த மூன்றாம் வழி சென்னையில் திறந்தே இருக்கிறது. புதிய உதிரிப் பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டைத் தெருக்களில் நடந்தவர் அறிவர்: கடைக்குக் கடை எஞ்சின்களும் அச்சுகளும் கியர்ப் பெட்டிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், நடைபாதையே எண்ணெயில் கறுத்திருக்கும். நெசவாள உறுப்பினர்க்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. கூவத்தின் மறுகரையிலுள்ள சிந்தாதிரிப்பேட்டை 1734இல், மார்ட்டன் பிட் ஆளுநராயிருந்தபோது, நெசவாளர்களையும் நூற்போரையும் குடியேற்றுவதற்கென்றே அமைக்கப்பட்ட ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்பெயராயிற்று என்பர். தறிகளின் ஓசை எழுந்த ஊருக்கு எதிர்க்கரையில் இன்று பற்சக்கரங்களின் ஓசை.

புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்குவோர் கண்ணை மட்டும் நம்பலாகாது. வெளிப்புறத்தைக் கழுவி வண்ணம் பூசுவது எளிது. எண்ணெய் வடிக்கும் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் அத்திருகின் முனையில் காந்தம் உண்டு. அதில் மாவு போன்ற கரும் படிவு இருந்தால் வயதின் அடையாளம், செதில் செதிலாக உலோகத் துணுக்குகள் இருந்தால் அப்பெட்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். முன்தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நம் வண்டியின் பெட்டியும் அதுவும் தோற்றத்தில் ஒன்றாயிருந்தாலும் பற்களின் விகிதம் வேறாயிருக்கக் கூடும். எண்ணை ஒத்துப் பார்த்தல் அவசியம். ரசீது இல்லாமல் வாங்குவது எவ்வளவு மலிவாயினும் கூடாது. திருட்டு வண்டியின் பாகம் சங்கத்தின் வண்டியில் இருந்தது என்ற அவப்பெயரைத் தணிக்கை அறிக்கையில் படிக்க நாம் விரும்பவில்லை.

தென்சென்னைவாசிகள் எல்லோரும் ஒரே நாளில் இந்தக் கேள்விக்கு விடை தேட நேர்ந்ததும் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்கு. அன்றிரவு அடையாறு கரை கடந்தது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆற்றோரத் தெருக்களில் நின்ற வண்டிகள் கூரை வரை மூழ்கின. நீர் வடிந்ததும் பெரும்பாலோர் செய்த முதற் காரியம் சாவியைத் திருகிப் பார்த்தது. மனிதர் எவரும் செய்யக் கூடியதுதான். ஆனால் அதுவே பெரும் பிழை. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது நீர் இடங்கொடாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வாகன உற்பத்தியாளர் பலர் எஞ்சினைத் தொடங்க வேண்டாம் என்று அந்நாட்களில் அறிவித்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத தெருக்களில் அவ்வறிவிப்பைக் கண்டவர் எத்தனை பேரோ.

காப்புறுதி விஷயத்திலும் அந்தச் சாவித் திருகல் விலையுயர்ந்ததாயிற்று. முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீர் புகுந்த எஞ்சினை ஓட்ட முயன்றதால் பின்னர் விளைந்த சேதம், அதற்கென்று எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு தனியே வாங்கியிருந்தாலன்றிப் பெரும்பாலும் அடங்குவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பாடம் திரும்ப நடத்தப்பட்டது.

கியர்ப் பெட்டிக்கு நீர் புகுவது வேறு வகை. பெட்டி மூச்சுவிட ஒரு சிறு துளை மேலே இருக்கும். சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் திடீரென்று அமிழும்போது உட்காற்று சுருங்கி, அத்துளை வழியே நீரை உறிஞ்சிக் கொள்கிறது. எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகும். அப்படியே ஓட்டினால் பேரிங்குகள் துருப்பிடித்துச் சில மாதங்களில் அழியும். இதற்குச் செய்ய வேண்டியது பெட்டியைப் பிரிப்பதன்று. எண்ணெயை முழுதும் வடித்து, புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓட்டி, மறுபடியும் வடித்துப் புதிதாக ஊற்றுவது. ஓட்டுநர் தாமே செய்யக் கூடிய வேலை. ஆக, ஒரே வெள்ளத்தில் மூழ்கிய ஒரே வண்டியில், எஞ்சினைத் தொடக் கூடாது, கியர்ப் பெட்டியின் எண்ணெயை உடனே மாற்ற வேண்டும்! பொது விதி ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கும் உறுப்பினர்க்கு இதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம்.

எண்ணெய் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். விலை உயர்ந்தது நல்லது என்று நினைத்து ஜி.எல்.4 தர எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜி.எல்.5 எண்ணெய் ஊற்றுவோர் உண்டு. பின்னதிலுள்ள கந்தகச் சேர்க்கை சில வகைகளில் பித்தளை வளையங்களைக் கெடுக்கக் கூடும். வண்டியோடு வந்த கையேட்டில் எழுதியிருப்பதே சரி.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியின் பெட்டியைத் திறக்க எண்ணவே வேண்டாம். அதற்காகத்தான் விலையோடு பணம் கொடுத்திருக்கிறோம். அதன் பின் நம் விருப்பம். வெளிப்பட்டறைகளுக்கு உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் தாராளமாகக் கிடைக்கச் செய்யவில்லை என்பதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. ஆயினும் தெருமுனைப் பட்டறைக்காரரின் பிழைப்பும், அவரிடம் செல்லும் உரிமையும் ஒரு பெரிய ஆணையத்தின் முன் வழக்காயின என்பதே நமக்குப் பொருட்டு. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தபோது, மோட்டார் வண்டிகளோடு வேளாண் கருவிகளையும் அதில் சேர்த்தது. டிராக்டரும் பவர் டில்லரும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைக் கவனித்தல் நலம். பட்டறைக்குக் கொடுத்த வேலை சரியில்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று முறையிடவும் வழியுண்டு. ரசீதும், மாற்றிய பழைய பாகங்களும் கையில் இருக்க வேண்டும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். மாற்றாததை மாற்றியதாகச் சொல்ல முடியாமல் போகும். மேலும் தேய்ந்த பாகத்தைப் பார்த்தால் நம் ஓட்டும் குறை என்னவென்றும் தெரியும்.

நாமே கற்றுக் கொள்ளவே கூடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசை கொண்டு, உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பிரித்துப் பிரித்துக் கூட்டியே தொழில் கற்றவர். 1920இல் ஒரு பேருந்தோடு தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனம் கண்டார். உண்மைதான். ஆனால் அவர் பிரித்தது தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டி. அறுபது வீட்டுச் சேலையும் நாற்பது தோட்டத்துக் காயும் காத்திருந்த வண்டியன்று. முறையாகக் கற்க விரும்புவோர்க்குக் கிண்டி அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் அருகிலேயே இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி இரண்டாண்டு. நெசவாளர் குடும்பப் பிள்ளைகள் இத்தொழிலுக்குப் போனால் தறி போய்விடுமே என்று வருந்துவோர் நம்மிடையே உண்டு. அந்த வருத்தத்தில் நமக்கும் பங்குண்டு. அதை இங்கே விவாதிக்க இடமில்லை.

தீபாவளிக்குப் பிறகு கூடிய நிர்வாகக் குழு சில ஏற்பாடுகள் செய்தது. ஓட்டுநர் ஒரு நோட்டில் கியர் எண்ணெய் மாற்றிய நாளையும், கேட்ட புதுச் சத்தங்களையும் எழுதி வருவார். எண்ணெய், கேபிள், இணைப்பு, வெளிப்புற ரப்பர் வரை அவர் பொறுப்பு. அதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டுவதில்லை, மாதச் சம்பளத்தோடு படியும் உண்டு. மூடியைத் திறக்க வேண்டிய வேலை எதுவாயினும் இரண்டு பட்டறைகளில் மதிப்பீடு வாங்கி, அறிகுறியை மட்டும் எழுதிக் கொடுத்து, வெளியே அனுப்பப்படும். கிளட்ச் பிளேட் மாற்றுவது எந்தப் பக்கம் என்பதில் நெடுநேரம் விவாதம் நடந்தது. பெட்டியை இறக்கியே ஆக வேண்டிய வேலையாதலால் பட்டறைக்கே என்று ஐவரும், பெட்டியைத் திறக்க வேண்டியதில்லையாதலால் ஓட்டுநர்க்கே என்று நால்வரும் சொன்னார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது பட்டறைக்குப் போயிற்று. ஓட்டுநர் இன்னும் அதை ஒப்புக் கொள்ளவில்லை.

மற்றொன்றும் நடந்தது. பற்கள் போன அந்தப் பழைய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட மனமின்றிக் கிடங்கின் மூலையில் வைத்திருந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் அதை ஒரு பலகையின் மேல் வைத்து, அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குப் பிரித்தும் கூட்டியும் காட்டுகிறார். கவைத் தண்டை இழுக்கும் முன் அதன் மேல் ஈரத் துணி ஒன்றை மூடச் சொல்கிறார். எஃகுக் குண்டு துணிக்குள்ளேயே விழுகிறது.